இலை காட்டிய வழி

நுழையும்முன்

அறிவியலின் துறைகள் கிளைகளாகப் பிரிந்து நிற்பினும் அவற்றின் வேர்கள் மண்ணுக்குள் பின்னிக் கிடக்கின்றன. இலையின் நுண்சவ்வை ஆராய்ந்தவர்களும் மனித உடலின் உட்புறத்தைப் படமெடுக்க வழி கண்டவர்களும் ஒரே பாதையின் வெவ்வேறு இடங்களில் நடந்தவர்கள். அப்பாதையைப் புதுச்சேரியிலிருந்து தொடங்கிக் காட்டி, அதன்வழி ஒரு கருத்தை முன்வைக்கிறது இக்கட்டுரை.

இரண்டு வளாகங்கள்

புதுச்சேரி நகரின் பழைய பேருந்து நிலையத்தின் அருகே மதில் சூழ்ந்த தாவரவியல் பூங்கா ஒன்று உள்ளது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1826ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது அது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1823இல், அதே நகரில் பிரெஞ்சு அரசு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியிருந்தது. அப்பள்ளியின் வழிவந்ததே 1964ஆம் ஆண்டு முதல் ‘ஜிப்மர்’ என்னும் பெயரால் வழங்கும் ஜவாகர்லால் முதுநிலை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். கோரிமேட்டில் அமைந்துள்ள இந்நிறுவனம் 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழித் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. நகரின் கடலோரப் பகுதியில் 1955ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனமோ, தென்னிந்தியத் தாவரங்களின் உலர்மாதிரிகளை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் பேணி வருகிறது.

நோயை அறியவும் செடியை அறியவும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரு சிறு நகரம் இடம் ஒதுக்கியது தற்செயல் அன்று. அக்காலத்து மருத்துவருக்கு மருந்தறையும் தோட்டமும் ஒன்றே. மூலிகையை அறியாதவர் மருத்துவராக முடியாது; நோயை அறியாதவர் மூலிகையைத் தேடிச் செல்லவும் தேவை எழாது. பின்னர் அறிவு பெருகியது, துறைகள் பிரிந்தன. பிரிந்ததில் குற்றமில்லை. ஆனால், பிரிந்த துறைகளுக்கிடையே உயர்வு தாழ்வு புகுந்துவிட்டது. மருத்துவம் படிப்பவர் வென்றவர், தாவரவியல் படிப்பவர் மருத்துவ இடம் கிடைக்காமல் வந்து சேர்ந்தவர் என்னும் எண்ணம் இன்று பல இல்லங்களில் வேரூன்றியுள்ளது. மேனிலைப் பள்ளி மாணவரின் காதில் அவ்வெண்ணம் நாள்தோறும் விழுகிறது.

அவ்வெண்ணம் பிழையானது; அது மாணவருக்கு மட்டுமன்றி மருத்துவத்திற்கும் தீங்கு செய்வது. இன்றைய மருத்துவமனையின் மிக நுட்பமான படக்கருவிகள் சிலவற்றின் பின்னணியை ஆராய்ந்தால், அங்கே நிற்பது ஓர் இலை.

செடியில் தொடங்கிய தேடல்

ஒரு பொருள் உயிருள்ள உடலுக்குள் நுழைந்தபின் எங்கே செல்கிறது, எதுவாக மாறுகிறது என்பதை வெளியிலிருந்து எவ்வாறு அறிவது? பால் குடத்தில் ஒரு துளி நீலத்தைக் கலந்தால் அந்நீலம் பரவும் வழியைக் கண் காணும். உடலுக்குள் அவ்வாறு காண இயலாது. கண்ணுக்குப் புலப்படாத அந்நீலமாகப் பயன்படுவன கதிரியக்க அணுக்கள். ஒரு தனிமத்தின் இயல்பான அணுவும் அதன் கதிரியக்க ஐசோடோப்பும் வேதியியலளவில் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றன. உடல் அவற்றை வேறுபடுத்தி அறிவதில்லை. ஆனால், கதிரியக்க அணு தான் செல்லும் இடத்தைக் கதிரை உமிழ்ந்து அறிவித்துக்கொண்டே செல்கிறது. இதனைத் தடங்காட்டி முறை எனலாம்.

இம்முறையை உயிருள்ள ஒன்றில் முதன்முதலில் செய்து பார்த்தவர் ஜார்ஜ் டி ஹெவசி. 1923ஆம் ஆண்டு அவர் தேர்ந்தெடுத்த உயிர் மனிதனன்று. ஒருவகை அவரைச் செடி. அதன் வேர், கதிரியக்க ஈயம் கலந்த நீரை உறிஞ்சியபோது ஈயம் எவ்வளவு தண்டுக்கும் இலைக்கும் சென்றது என்பதை அவர் அளந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே அமெரிக்க மருத்துவர் ஹெர்மன் பிளம்கார்ட், மனித உடலில் இரத்தம் ஓடும் வேகத்தை அளக்கக் கதிரியக்கப் பொருளைப் பயன்படுத்தினார். ஹெவசிக்கு 1943ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இயற்கையில் கிடைக்கும் கதிரியக்கத் தனிமங்கள் பெரும்பாலும் ஈயம், ரேடியம் போன்ற கனமானவை. உயிரின் அடிப்படைத் தனிமங்களாகிய கரிமமும் ஆக்சிசனும் அவ்வகையில் எளிதிற் கிடைக்கவில்லை. 1934ஆம் ஆண்டு பாரிசில் ஐரீன் கியூரியும் அவர்தம் கணவர் பிரெடெரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிரியக்கத்தைக் கண்டறிந்தபின் இக்குறை நீங்கத் தொடங்கியது. விரும்பிய தனிமத்தின் கதிரியக்க வடிவத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கலாம் என்னும் நிலை வந்தது.

அமெரிக்காவின் பெர்க்லியில் சாமுவேல் ரூபன், மார்ட்டின் காமன் என்னும் இரு இளைஞர்கள் இவ்வாய்ப்பைப் பற்றிக்கொண்டனர். இலை காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எவ்வாறு சர்க்கரையாக்குகிறது என்பதே அவர்களது கேள்வி. 1930களின் இறுதியில் கார்பன்–11 என்னும் ஐசோடோப்பைச் சைக்ளோட்ரான் பொறியில் உருவாக்கி, பார்லி இலைகளுக்கு அளித்தனர். அதன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 20 நிமிடம் மட்டுமே. உருவாக்கிய பொருளுடன் ஓடிச் சென்று ஆய்வை முடித்தாக வேண்டிய நிலை. நீண்டகாலம் நிலைக்கும் ஒன்றைத் தேடிய அவர்கள் 1940இல் கார்பன்–14ஐக் கண்டறிந்தனர்; அதன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். அடுத்த ஆண்டே, ஆக்சிசன்–18 என்னும் கனமான ஆனால் கதிரியக்கமற்ற ஐசோடோப்பு கலந்த நீரைப் பாசிக்கு அளித்து, ஒளிச்சேர்க்கையில் வெளியேறும் ஆக்சிசன் நீரிலிருந்தே வருகிறது என்பதற்குச் சான்று காட்டினர்.

ரூபன் 1943ஆம் ஆண்டு, போர்க்கால ஆய்வு ஒன்றின்போது நச்சுவாயு தாக்கி இளம் வயதிலேயே உயிர்நீத்தார். அவர் விட்டுச்சென்ற கார்பன்–14ஐக் கொண்டு ஆண்ட்ரு பென்சன், ஜேம்ஸ் பாஷம், மெல்வின் கால்வின் ஆகியோர் இலைக்குள் சர்க்கரை உருவாகும் சுழற்சியைப் படிப்படியாக வெளிப்படுத்தினர். இன்று பதினோராம் வகுப்பு மாணவர் தாவரவியல் நூலில் படிக்கும் கால்வின் சுழற்சி அதுவே.

சர்க்கரையின் தடம்

இலையில் தொடங்கிய இம்முறை மருத்துவமனைக்குள் நுழைந்த விதம் வியப்பூட்டுவது. புற்றுநோய் பரவியுள்ளதா என்பதை அறியப் பயன்படும் ‘பெட் ஸ்கேன்’ எனப்படும் பாசிட்ரான் உமிழ்வுப் படமெடுப்பு, தடங்காட்டி முறையின் நேர்வழி வந்த பிள்ளை. புற்றணுக்கள் பெரும்பாலும் இயல்பான செல்களைவிட மிகுதியான குளுக்கோசை உறிஞ்சுகின்றன. எனவே, குளுக்கோசைப் போன்ற ஒரு மூலக்கூற்றில் ஃபுளோரின்–18 என்னும் கதிரியக்க அணுவைப் பொருத்தி நோயாளியின் உடலில் செலுத்துகின்றனர். அது எங்கெங்கு மிகுதியாகச் சேர்கிறதோ அவ்விடங்கள் படத்தில் ஒளிர்கின்றன. மூளையும் இதயமும் இயல்பாகவே குளுக்கோசை மிகுதியாகப் பயன்படுத்துவன என்பதால் அவையும் ஒளிரும். நோயின் ஒளியையும் நலத்தின் ஒளியையும் பிரித்தறிவது மருத்துவரின் பயிற்சி. இவ்வேதிப்பொருள் 1976ஆம் ஆண்டு முதன்முறையாக மனித உடலில் செலுத்திச் சோதிக்கப்பட்டது.

இங்கே இரண்டு செய்திகளை எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, குளுக்கோசு என்பது இலை ஆக்கியளித்த பொருள். கார்பன் இலைக்குள் சர்க்கரையாவதைத் தடங்காட்டி கொண்டு தேடியவர்களின் முறையே, அச்சர்க்கரை மனித உடலில் எங்கே செலவாகிறது என்பதையும் தேட உதவுகிறது. இரண்டாவது, அந்த ஃபுளோரின்–18ஐப் பெரும்பாலும் எதிலிருந்து உருவாக்குகின்றனர் தெரியுமா? ஆக்சிசன்–18 மிகுந்த நீரிலிருந்து. சைக்ளோட்ரான் பொறி, விரைந்து செல்லும் புரோட்டான்களை அந்நீரின்மீது மோதச் செய்யும்போது ஆக்சிசன் அணு ஃபுளோரினாக மாறுகிறது. 1941இல் பாசியின் உயிர்மூச்சு எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களின் கையிலிருந்த அதே வகை நீர், இன்று புற்றுநோயைத் தேடும் பொருளுக்கு மூலப்பொருளாக நிற்கிறது. தாம் ஆராய்ந்த நீர் ஒருநாள் நோயாளியின் உயிர்காக்க உதவும் என்று ரூபனும் காமனும் எண்ணியிருக்க வழியில்லை. அவர்கள் கேட்டது செடியைப் பற்றிய கேள்வி.

தெரிந்து தெளிவோம்

ஃபுளோரின்–18இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 110 நிமிடம். அதாவது 110 நிமிடத்திற்கு ஒருமுறை அது பாதியாகக் குறைகிறது. சென்னையில் உருவாக்கப்படும் அப்பொருள் மூன்று மணி நேரச் சாலைப் பயணத்தில் புதுச்சேரிக்கு வந்து சேர்வதாகக் கொண்டால், புறப்பட்டபோது இருந்த அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய மருத்துவம் இது.

இலைச்சவ்வின் கொழுப்பு

கால்வின் சுழற்சியைக் கண்டறிந்ததற்காக 1961ஆம் ஆண்டு நோபல் பரிசு கால்வின் ஒருவருக்கு மட்டும் வழங்கப்பட்டது. அப்பணியில் பெரும்பங்கு ஆற்றிய பென்சன் அதற்கு முன்பே, 1954இல், அவ்வாய்வகத்தைவிட்டு வெளியேற நேர்ந்திருந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. கார்பன்–14இலும் தாள் வண்ணப்பிரிகை முறையிலும் பெற்ற தேர்ச்சியை, அப்போது பலரும் கருதிப் பாராத ஒரு பொருளின்மீது திருப்பினார். அப்பொருள், ஒளிச்சேர்க்கை நிகழும் சவ்வில் உள்ள லிப்பிடுகள் எனப்படும் கொழுப்புப் பொருள்கள்.

இலையின் செல்லுக்குள் பசுங்கணிகங்கள் உள்ளன. அவற்றுக்குள் தைலகாய்டு என்னும் மெல்லிய சவ்வுப்பைகள் அப்பளக் கட்டுப்போல அடுக்கப்பட்டுள்ளன. பச்சையமும் ஒளியைப் பிடிக்கும் புரதங்களும் பதிந்திருப்பது இச்சவ்வில்தான். விலங்குச் செல்லின் சவ்வுகள் பெரிதும் பாஸ்பரசு கொண்ட லிப்பிடுகளால் ஆனவை. இலைச்சவ்வோ வேறுவகை. அதன் லிப்பிடுகளில் ஏறத்தாழப் பாதி, காலக்டோசு என்னும் சர்க்கரை ஒன்றைத் தலையிற் சுமந்தது. ஏறத்தாழக் கால்பங்கு, அச்சர்க்கரையின் இரண்டு அலகுகளைச் சுமந்தது. எஞ்சியவற்றுள் கந்தகம் கொண்ட லிப்பிடு ஒன்றும் பாஸ்பரசு கொண்ட லிப்பிடு ஒன்றும் அடங்கும். அந்தக் கந்தக லிப்பிடை 1959ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தவர் பென்சனும் அவர்தம் குழுவினரும் ஆவர்.

இலை ஏன் பாஸ்பரசைக் குறைத்துச் சர்க்கரையைப் பயன்படுத்துகிறது? மண்ணில் பாஸ்பரசு எளிதிற் கிடைப்பதில்லை. மரபுப்பொருளை ஆக்குவதற்கும் ஆற்றலைக் கடத்துவதற்கும் அது இன்றியமையாதது. காற்றும் ஒளியும் தரும் சர்க்கரையோ இலைக்குக் கைப்பொருள். அருமையான பொருளைச் சேமித்து எளிய பொருளால் வீடு கட்டும் சிக்கனமான குடும்பத்தலைவியைப்போல இலை செயல்படுகிறது. பாஸ்பரசு மேலும் குறையும்போது, செல்லின் பிற சவ்வுகளிலும் பாஸ்பரசு லிப்பிடுகளுக்கு மாற்றாகக் காலக்டோசு லிப்பிடுகளைச் செடி இட்டு நிரப்புகிறது. பாஸ்பேட் உரத்திற்கான மூலப்பொருளில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்து வாங்கும் இந்தியாவுக்கு, இவ்வறிவு உழவோடு தொடர்புடைய அறிவு. குளிரைத் தாங்கும் திறனும் இச்சவ்வைப் பொறுத்தது. பாஸ்பரசு கொண்ட அந்த இலை லிப்பிடின் கொழுப்பமில அமைப்பை மாற்றினால் புகையிலைச் செடி குளிரைத் தாங்கும் அளவு மாறுகிறது என்பதை 1992இல் ஜப்பானிய அறிஞர் நோரியோ முராட்டாவின் குழு மெய்ப்பித்தது.

இச்சவ்வு உணவுத்தட்டிலும் இருக்கிறது. நாள்தோறும் உண்ணும் கீரையின் கொழுப்பில் பெரும்பகுதி இத்தைலகாய்டுச் சவ்வின் கொழுப்பே. உடலால் தானே ஆக்கிக்கொள்ள இயலாத, ஒமேகா–3 வகையைச் சேர்ந்த லினோலெனிக் அமிலம் அதில் மிகுந்துள்ளது. கடல்மீனில் உள்ள ஒமேகா–3 கொழுப்பும் முதலில் கடற்பாசி ஆக்கியதே. புதுச்சேரி மீனவர் கரையேற்றும் மத்திமீனின் கொழுப்புக்கும் தோட்டத்து முருங்கைக்கீரைக்கும் உறவு உண்டு.

மனித மூளையோடும் இதற்கு ஒப்புமை உண்டு. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் உறை அமைந்துள்ளது. அவ்வுறையின் உலர் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு லிப்பிடுகள். அவற்றுள் முதன்மையான ஒன்று, இலைச்சவ்வின் லிப்பிடைப் போலவே காலக்டோசைத் தலையிற் சுமந்தது. உடலமைப்பு வேறு, தலைச்சர்க்கரை ஒன்று. காந்த ஒத்ததிர்வுப் படமெடுப்பாகிய எம்.ஆர்.ஐ. கருவி மூளையின் வெண்பகுதியையும் சாம்பல் பகுதியையும் தனித்தனியே காட்ட முடிவதற்குக் காரணங்களுள் ஒன்று இவ்வுறையே. கொழுப்பு நிறைந்த அடுக்குகளின் அருகிலுள்ள நீர், பிற இடங்களிலுள்ள நீரைப்போல் நடந்துகொள்வதில்லை. அவ்வேறுபாட்டைக் கருவி உணர்கிறது. உறை சிதைந்த இடங்கள் படத்தில் தழும்புகளாய்த் தோன்றுகின்றன. சவ்வையும் அதன் கொழுப்பையும் அறியாமல் அப்படத்தைப் பொருள்கொள்ள இயலாது.

நிழல்களைக் கூட்டிய கணக்கு

படமெடுக்கும் கருவிகளின் வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் ஓர் இடம் உண்டு. 1895ஆம் ஆண்டு ராண்ட்கன் கண்டறிந்த ஊடுகதிர்ப்படம் ஒரு நிழல். முப்பரிமாணம் கொண்ட உடல் அதில் ஒரே தளத்தில் அழுந்திக் கிடக்கும். முன்னிருப்பது எது, பின்னிருப்பது எது என்று அதில் அறிய இயலாது. பல திசைகளிலிருந்து எடுத்த நிழல்களைக் கொண்டு பொருளின் உள்வடிவை மீட்கலாம் என்பதை 1917இலேயே யோகான் ராடான் என்னும் கணித அறிஞர் காட்டியிருந்தார். அவர் நோயாளிகளை எண்ணிக் கணக்கிடவில்லை. 1963, 1964ஆம் ஆண்டுகளில் ஆலன் கார்மக் இதே சிக்கலைத் தீர்த்துக் கட்டுரைகள் எழுதியபோதும் அவற்றைக் கருதியவர் மிகச் சிலரே.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் இயற்பியல் துறைத் தலைவராக விளங்கியவர் கோ. நா. இராமச்சந்திரன். தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தின் முப்புரிச் சுருள் வடிவத்தைச் சென்னையிலிருந்து உலகிற்கு அறிவித்தவர் அவர். பின்னர்ப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மூலக்கூற்று உயிர் இயற்பியல் துறையை அமைத்தார். 1971ஆம் ஆண்டு அவரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் இணைந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே மீளப் பரப்பிக் கூட்டினால் உருவம் கிடைக்கும்; ஆனால் மங்கலாக இருக்கும். கூட்டுவதற்கு முன்னரே ஒவ்வொரு நிழலையும் குறிப்பிட்ட முறையில் திருத்திக்கொண்டால் அம்மங்கல் நீங்கும். கணக்கிடும் வேலையும் வெகுவாகக் குறையும் என்பதே அவர்கள் காட்டிய வழி. அதே 1971ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டனில் காட்ஃபிரே ஹௌன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைச் சி.டி. ஸ்கேன் செய்தது. 1979ஆம் ஆண்டு நோபல் பரிசு கார்மக்கிற்கும் ஹௌன்ஸ்ஃபீல்டிற்கும் கிடைத்தது. திருத்தும் அம்முறையோ, இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் இணைத்து ‘ராம்–லாக்’ வடிப்பி என்று இன்றளவும் உலகெங்கும் வழங்குகிறது.

இராமச்சந்திரன் மருத்துவர் அல்லர். புரதங்களின் வடிவத்தைத் தேடியவர். ஊடுகதிர்ப்படத்திற்கு மட்டுமன்றி எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கும் உரியதாகவே அக்கட்டுரை எழுதப்பட்டது. மருத்துவமனைக்கு வெளியே நின்று கேட்கப்பட்ட கேள்வி, மருத்துவமனையின் கதவைத் திறந்தது.

கொடுத்தலும் கொள்ளலும்

மருத்துவம் பெற்றுக்கொண்டே இருக்கவில்லை; திருப்பியும் கொடுக்கிறது. மனிதனுக்காக உருவான சி.டி. கருவியைக் கொண்டு, மண்ணைக் கலைக்காமலேயே பயிரின் வேர் பரவும் விதத்தை இன்று காண்கின்றனர். பெட் கருவியில் செடியை வைத்து, கார்பன்–11 இலையிலிருந்து வேருக்கு இறங்குவதைப் படமெடுக்கின்றனர். ரூபனும் காமனும் ஓடி ஓடிச் செய்த ஆய்வு, புதிய கண்களோடு செடிக்கே திரும்பி வந்துள்ளது.

இருதுறையும் ஒரே பொருளில் சந்திக்கும் ஆய்வும் நடைபெறுகிறது. கனடாவின் டொராண்டோவில் காங் செங்கின் குழு, பச்சையத்திலிருந்து பெறப்படும் நிறமி மூலக்கூற்றை லிப்பிடோடு பிணைத்து மிகச்சிறு கோளங்களை உருவாக்கி 2011இல் அறிவித்தது. ஒளிபட்டால் அவை அவ்வாற்றலை வெப்பமாக்கி மெல்லிய ஒலியலைகளை எழுப்புகின்றன; அவ்வொலியைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமாக்கலாம். எலிகளில் செய்யப்பட்ட ஆய்வு அது. மருத்துவமனையின் அன்றாடக் கருவியாக அதனைக் கருதிவிடலாகாது. அந்நிறமியைப் பெற உதவும் சுருள்பாசி, புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் உணவுப்பொருளாக வளர்க்கப்படுகிறது என்பது மாணவர் அறியத்தக்கது.

ஒரு நேர்மையான மறுப்பு

‘நோயாளிகள் படுக்கையின்றித் தரையில் கிடக்கும் நாட்டில் இலையின் கொழுப்பை ஆராயப் பொதுப்பணம் எதற்கு?’ என்று ஒருவர் கேட்கலாம். அக்கேள்வியை ஏளனம் செய்யலாகாது. விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களிலிருந்து அதிகாலைப் பேருந்தில் ஏறிப் புதுச்சேரி அரசு மருத்துவமனைகளின் முன் காத்திருக்கும் எளிய மக்களின் வரிப்பணமும் அதில் உண்டு. ஆய்வுகள் யாவும் பயன்தரும் என்று எவரும் உறுதி கூற முடியாது. பயனின்றிப் போன ஆய்வுகளும் பல.

ஆயினும், அக்கேள்விக்கு விடை உண்டு. பயன்தரும் ஆய்வு எது என்று முன்கூட்டி அறிய முடிந்திருந்தால், 1941ஆம் ஆண்டில் பாசிக்கு நீருட்டும் வேலையை எவரும் ஆதரித்திருக்கமாட்டார். ராடானின் கணக்கு அச்சேறியிராது. விதைக்கும் உழவர் ஒவ்வொரு விதையும் முளைக்கும் என்று எண்ணி விதைப்பதில்லை; அதற்காக விதைநெல்லை உண்டுவிடுவதும் இல்லை. அடிப்படை ஆய்வு ஒரு நாட்டின் விதைநெல். அதனை உண்டுவிட்ட நாடு, பிறர் விளைத்ததை அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். இந்தியா தனக்குத் தேவையான மருத்துவக் கருவிகளில் பெரும்பகுதியை இன்றும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அவ்விலையின் சுமை இறுதியில் விழுவது ஏழை நோயாளியின் தோளில்தான். ‘ராம்–லாக்’ என்னும் பெயரில் இரு இந்தியர் இருக்க, அவ்வறிவைப் பயன்படுத்தும் கருவிகளை வெளியிலிருந்து வாங்கும் நிலை வருந்தத்தக்கது. கேள்வி கேட்பவரையும் கணக்கிடுபவரையும் கருவி செய்பவரையும் நோயாளியையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கும் அமைப்புகள் வளராமையே இதற்குக் காரணம்.

எனவே, படுக்கையா, ஆய்வா என்று ஒன்றை ஒன்றின் எதிரே நிறுத்துவது முறையன்று. இரண்டும் வேண்டும். ஆய்வுக்கு ஒதுக்கப்படும் பணம் சிறிதாயினும் ஆண்டுதோறும் தடையின்றி வர வேண்டும். அதன் பயன் பணமுள்ளவரிடம் மட்டும் தங்கிவிடாமல் பொது மருத்துவமனைகளின் வாயிலாக எல்லார்க்கும் சென்றடைய வேண்டும். இரண்டாவதைக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. முதலாவதைக் காக்கும் கடமையும் உண்டு.

தெரிவு செய்யும் வயதில்

தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஒரே வரிசையில் வைத்துக் காட்டுகிறது. புல்லும் மரமும் அவ்வரிசையின் முதற்படி. மனிதன் ஆறாம் படி. முதற்படியை இடித்துவிட்டு ஆறாம் படியில் நிற்க முடியாது. நிலத்தையே பூவின் பெயரால் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று அழைத்த மரபு இது. அம்மரபில் வந்தோர் செடியைப் படிப்பதைத் தோல்வியாகக் கருதுவது பொருந்தாது.

பதினாறு, பதினேழு வயதில் ஒரு மாணவர் தம் வாழ்நாளின் திசையைத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. மருத்துவராக விரும்புவோர் அவ்வாறே ஆகட்டும். நாட்டிற்கு நல்ல மருத்துவர் மிகவும் தேவை. ஆனால், தேர்வில் பெற்ற ஓர் எண், எவரையும் இரண்டாந்தரமாக்கிவிடாது. இலையின் சவ்வு ஏன் சர்க்கரையைத் தலையில் சுமக்கிறது என்னும் கேள்வி ஒருவரை இரவில் உறங்கவிடாமல் செய்யுமாயின், அவர் தாவரவியலைத் தெரிவு செய்வது தோற்றுப்போய் ஒதுங்குவதாகாது. நோயாளியின் படத்தைக் கண்டு வியக்கும் மருத்துவ மாணவரும் அப்படத்தின் பின்னுள்ள செடியையும் கணக்கையும் ஒருநாள் திரும்பிப் பார்க்க வேண்டும். தம் கருவியின் வேரை அறிந்த மருத்துவர், அக்கருவியால் காணமுடியாதது எது என்பதையும் அறிவார்.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. ‘எந்த இடம் கிடைத்தது?’ என்று மட்டும் கேட்காமல், ‘எந்தக் கேள்வி பிடித்திருக்கிறது?’ என்றும் பிள்ளைகளிடம் கேட்கலாம். பரிசு பெறாத பென்சனும் இளமையில் மறைந்த ரூபனும் தமக்குப் பிடித்த கேள்வியை விடாமல் பற்றியவர்கள். புதுச்சேரியின் பூங்காவிற்கும் கோரிமேட்டு மருத்துவமனைக்கும் இடையே உள்ள தொலைவு சில கிலோமீட்டர்தான். அத்தொலைவை அறிவால் கடக்கும் மாணவர்களை இந்நாடு எதிர்பார்த்து நிற்கிறது.

கற்பவை கற்றபின்

1. ‘அடிப்படை ஆய்வு ஒரு நாட்டின் விதைநெல்’ என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

2. கார்பன்–11இன் அரை ஆயுட்காலம் 20 நிமிடம் எனக் கொண்டு, ஒரு மணி நேரத்திற்குப்பின் எஞ்சும் பங்கைக் கணக்கிட்டு, அதனை ஆய்வுக்குப் பயன்படுத்துவதில் உள்ள இடர்ப்பாட்டை ஒரு பத்தியில் எழுதுக.

3. உங்கள் ஊரில் உள்ள தாவரவியல் பூங்கா, ஆய்வகம் அல்லது அரசு மருத்துவமனை ஒன்றின் வரலாற்றைத் திரட்டிச் சுவரொட்டி இதழாக அமைக்க.